உச்சமும் உரப்பும்

ஏழு அங்குலத் தொடுதிரை, பதினாறு ரப்பர் பேட்கள், உள்ளுக்குள்ளேயே பாட்டரி. அகாய் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட எம்.பி.சி. லைவ், கணினியின் துணையில்லாமலே ஒரு பாட்டைத் தொடங்கி முடித்துத் தரும் பெட்டி. அதில் ஒருவர் கிக், ஸ்னேர், பேஸ், பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டிய பியானோத் துண்டு என எல்லாவற்றையும் அடுக்கி முடிக்கிறார். மாஸ்டர் மீட்டர் சிவப்பின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. இனி ஏற்ற இடமில்லை. பாட்டைக் கோப்பாக்கி, கடைக்கு வந்த ஒரு பாட்டோடு மாற்றி மாற்றிக் கேட்கிறார். அந்தப் பாட்டும் அதே விளிம்பைத்தான் தொடுகிறது. காதில் மட்டும் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு உரக்க ஒலிக்கிறது.

மீட்டர் இரண்டுக்கும் ஒரே விடை சொல்ல, காது ஏன் வேறு விடை சொல்கிறது? தனியாக உட்கார்ந்து பெட்டியில் இசை செய்யும் எவரும் முதலில் போய் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். விடையில் பாதி இயற்பியல், மீதி உடலியல். இடையே, யார் அதிகம் உரக்க ஒலிப்பது என்று இசை நிறுவனங்கள் பல ஆண்டுகள் நடத்திய போட்டியின் கதையும் வருகிறது.

மீட்டர் காட்டுவது உச்சத்தை. டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. குறுந்தகட்டில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள், அதாவது மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். அந்த 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதைத்தான் பூஜ்ஜியம் டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். மற்ற அளவுகள் எல்லாம் அதற்குக் கீழே, மைனஸில். அந்த எல்லையைத் தாண்டி எழுதப்போனால் இடம் கிடையாது. அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். கிளிப்பிங் என்று ஸ்டூடியோக்களில் சொல்வது இதைத்தான். கரகரப்பாகக் காதில் விழும்.

காதோ இப்படி ஒவ்வொரு எண்ணாகப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி அளவுக்கு வந்து சேரும் ஆற்றலைச் சேர்த்துவைத்துத்தான் இது இவ்வளவு உரப்பு என்று முடிவு செய்கிறது. ஸ்னேரில் குச்சி படும் கணம் ஒரு மில்லிநொடிக்குள் மேலேறி இறங்கிவிடும். மீட்டர் அந்த ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சிவப்பு காட்டும். நீண்டு ஒலிக்கும் ஆர்கன் சுரம் அதைவிடப் பத்து டெசிபல் கீழே இருந்தாலும் காதுக்குப் பெரிதாகப் படும்.

உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கணக்கிடலாம். சதுர அலையில் அது பூஜ்ஜியம். எப்போதும் உச்சியிலேயே நிற்கும் அலை அது. சைன் அலையில் 3 டெசிபல். பக்குவப்படுத்தாத டிரம் ஒலிப்பதிவில் 15, 20 டெசிபல்கூட வரும். ஹார்வர்டின் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் போன்ற உளவியலாளர்களின் சோதனைகள் காட்டியபடி, ஒலி 10 டெசிபல் ஏறினால் கேட்பவர் அதை ஏறத்தாழ இரு மடங்கு உரப்பு என்று உணர்கிறார். ஆக, இரண்டு பாட்டுகளும் ஒரே உச்சியைத் தொட்டாலும், ஒன்றின் சராசரி மற்றதைவிடப் 10 டெசிபல் தாழ்ந்திருந்தால், அது பாதி உரப்பில்தான் கேட்கும்.

இதற்குமேல் அதிர்வெண்ணின் விளையாட்டு இருக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகள், எல்லா அதிர்வெண்களையும் காது சமமாக நடத்துவதில்லை என்று காட்டின. பின்னால் திருத்தி அமைக்கப்பட்ட சர்வதேசத் தரத்தின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலில் ஒலிக்கும் ஒரு தொனிக்குச் சமமாக 50 ஹெர்ட்ஸ் தொனி கேட்கவேண்டுமானால் அதற்கு ஏறக்குறைய 78 டெசிபல் வேண்டும். 3000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலோ 36, 37 டெசிபலே போதும். செவிக் குழாயின் நீளம் அந்த அதிர்வெண்களுக்கு ஒத்திசைந்து அவற்றைத் தூக்கிக் கொடுக்கிறது. குழந்தையின் அழுகையிலும் பேச்சின் மெய்யெழுத்துகளிலும் அந்தப் பகுதியில் ஆற்றல் நிறைய உண்டு.

பெட்டியில் ஹிப்-ஹாப் செய்பவருக்கு இந்த எண்கள் நேரடியான செய்தி. 1980-இல் ரோலண்ட் வெளியிட்ட டி.ஆர்.-808 டிரம் இயந்திரத்தின் கிக், நீண்டு அதிரும் ஓர் அடிநாதம். கிட்டத்தட்டத் தூய சைன் அலை. மீட்டரில் இருக்கும் இடத்தையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். காதுக்குக் கொடுப்பதோ கொஞ்சம்தான். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் அந்தக் கொஞ்சமும் வராது. அனுபவமுள்ளவர்கள் செய்வது இரண்டு வேலை. 25, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கும் பயனற்ற ஆற்றலை ஃபில்டரால் வெட்டுகிறார்கள். பிறகு பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்க்கிறார்கள். அலையின் வடிவம் சற்றே வளைந்ததும் அதன் மடங்கு அதிர்வெண்கள் பிறக்கும். 50 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 100, 150, 200 என்று துணைகள் வந்துவிட்டால், அடிச்சுரமே ஸ்பீக்கரில் எழாதபோதும் மூளை அந்த இடைவெளியைக் கணித்து 50 ஹெர்ட்ஸ் சுரத்தைக் கேட்டுக்கொள்கிறது. சின்ன ரேடியோவிலும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பதற்கு இந்தத் திறன்தான் காரணம். முடிந்த மிக்ஸைக் கடைசியாகப் பக்குவப்படுத்தும் மாஸ்டரிங் கலையின் மிக அழகான உத்தி இதுவே. மீட்டரில் இடம் மிச்சமாகிறது, காதுக்கு பேஸ் கூடுகிறது.

சிவப்பு வரை ஏற்றிவைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது.

கலிஃபோர்னியாவின் ஈ-மு நிறுவனம் 1987-இல், ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் எஸ்.பி.-1200 என்ற சாம்பிளரை விற்றது. 12 பிட், நொடிக்கு 26,040 மாதிரிகள், மொத்த நினைவகம் வெறும் பத்து நொடி. அடுத்த ஆண்டு ரோஜர் லின் வடிவமைப்பில் அகாயின் எம்.பி.சி.-60 வந்தது. நான்குக்கு நான்காகப் பதினாறு பேட்கள் என்ற அமைப்பு அதோடு நிலைபெற்றது; சாம்பிள்களை அதுவும் 12 பிட்டில்தான் சேமித்தது. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடம் தரும். 12 பிட்டுக்கு ஏட்டுக் கணக்கில் 74 டெசிபல். 16 பிட்டுக்கு 98. அந்த 74-லும் கீழ்ப்பகுதி இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். சாம்பிள் எடுக்கும்போது அளவைத் தாழ்த்தி வைத்தால் இசை அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் போய்விடும். முடிந்தவரை உரக்கப் பதிவு செய் என்பது அன்றைக்கு அறிவுரை மட்டுமல்ல, கட்டாயமும்கூட.

பத்து நொடி நினைவகத்துக்கு நியூயார்க் பீட் கலைஞர்கள் கண்டுபிடித்த வழி சுவையானது. 33 சுற்று வேக இசைத்தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிவார்கள்; பிறகு பெட்டிக்குள் சுருதியைக் கீழே இறக்குவார்கள். நினைவகம் மிச்சமாயிற்று. கூடவே, இறக்கும்போது எழுந்த பொய் அதிர்வெண்கள் ஒலிக்கு ஒரு சொரசொரப்பைக் கொடுத்தன. அந்தச் சொரசொரப்பு ஒரு தலைமுறையின் அடையாள ஒலியாகவே ஆனது. டி.ஜே. ஷேடோ 1996-இல் வெளியிட்ட ‘என்ட்ரொடியூசிங்’, பெரும்பாலும் ஓர் எம்.பி.சி.-60-ஐ வைத்தே கட்டப்பட்டது. முழுக்க முழுக்க சாம்பிள்களால் ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸ் நூல் அதைப் பதிந்தது. பீட் கலைஞர் ஜே டில்லாவின் எம்.பி.சி.-3000 இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இன்றைய பெட்டிகளில் பலவற்றின் உள்ளே 24 பிட். ஏட்டுக் கணக்கில் 144 டெசிபலுக்கு மேல். நல்ல மின்சுற்றே தரும் நிஜ இடைவெளி 110, 120 டெசிபல். உச்சி மைனஸ் 10-இல் நிற்குமாறு பதிந்தாலும் இரைச்சல் தொலைதூரத்தில்தான் இருக்கும். காரணம் மறைந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சிவப்பு வரை ஏற்றி வைத்த பதினாறு பேட்கள் ஒன்றாக மாஸ்டருக்கு வந்து சேர்வதுதான் இதன் விளைவு.

சேர்க்கைக் கணக்கு எளிது. தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் ஒரே அளவில் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல். நான்கு சேர்ந்தால் 6. பதினாறு சேர்ந்தால் 12. ஒரே அலைவடிவம் இரண்டு பேட்களில் ஒரே கணத்தில் ஒலித்தால் இரண்டுக்கே 6 டெசிபல் ஏறிவிடும். கிக்கின் மேல் இன்னொரு கிக்கை அடுக்குபவர்கள் இதைத் தினமும் சந்திக்கிறார்கள். மிதவைப்புள்ளிக் கணக்கில் இயங்கும் கருவிகளில் உள்ளே எவ்வளவு ஏறினாலும் தகவல் கெடாது. ஆனால் முழு எண் கோப்பாக எழுதும்போதோ ஹெட்ஃபோனுக்கு மின்னலையாக மாற்றும்போதோ கத்தி விழுந்துவிடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் கிக்கையும் ஸ்னேரையும் முதலில் வைத்து, மாஸ்டரில் உச்சி மைனஸ் 10 அளவில் இருக்குமாறு அமைத்துவிட்டு, மற்றவற்றை அதற்கு அடங்குமாறு சேர்க்கிறார்கள். எல்லாம் சேர்ந்து மைனஸ் 6 பக்கம் வந்து நிற்கும். கருவியின் முகப்பிலுள்ள வால்யூம் குமிழைத் திருப்பினால் காதுக்கு வேண்டிய சத்தம் கிடைக்கும். பல கருவிகளில் அந்தக் குமிழ் வெளியே போகும் ஒலியை மட்டுமே மாற்றும். ஏற்றுமதியாகும் கோப்பைத் தொடாது.

முதலில் சொன்ன உரப்புப் போட்டியின் கதை மாஸ்டரிங்கில் தொடங்குகிறது. அந்தத் தொழில் பிறந்தது இசைத்தட்டு வெட்டும் லேத்தின் பக்கத்தில். நாடாவில் உள்ள இசையை அரக்குத் தட்டில் பள்ளமாகச் செதுக்குவதே அந்தப் பொறியாளரின் வேலை. அங்கே உரப்புக்கு இயற்கையே எல்லை வைத்திருந்தது: உரத்த பேஸுக்கு அகலமான பள்ளம் வேண்டும், அகலம் கூடினால் ஒரு பக்கத்தில் அடங்கும் நிமிடங்கள் குறையும். 1969-இல் லெட் செப்பலின் இரண்டாவது ஆல்பத்தை பாப் லட்விக் மிக உரக்க வெட்டினார். மலிவான பிளேயர்களில் ஊசி பள்ளத்தைவிட்டுத் தாவியது. நிறுவனம் அதை மாற்றி அடக்கமாக மறுபடி வெட்டியது. லட்விக்கின் அந்த முதல் வெட்டைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

குறுந்தகடு அந்த இயற்கை எல்லையை நீக்கிவிட்டது. தாவுவதற்கு ஊசி இல்லை. இருந்தது பூஜ்ஜியம் டெசிபல் என்ற கூரை மட்டுமே. உச்சி கூரையைத் தொட்டபின் உரப்பைக் கூட்ட ஒரே வழி, உச்சிகளை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்குவது. இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம் 1994-இல் எல்-1 என்ற மென்பொருள் லிமிட்டரை வெளியிட்டதும் அந்த வேலை எவர் கைக்கும் எட்டியது. எம்.பி.சி.யின் மாஸ்டர் இழையில் செருகக் கிடைக்கும் ஏர் மேக்ஸிமைசர் இதே குடும்பம்.

இந்த லிமிட்டர்களின் சாமர்த்தியம் முன்பார்வையில் இருக்கிறது. ஒலியைச் சில மில்லிநொடி காக்கவைத்து, வரப்போகும் உச்சியை முதலிலேயே பார்த்துவிடுகின்றன. தாழ்ந்த வாசலைத் தூரத்திலேயே கண்டு தலையைக் குனிந்துகொண்டு நுழைபவரைப்போல, உச்சி வந்து சேருமுன்பே அளவு மெல்லக் குறையத் தொடங்கிவிடும்; இடி விழாது. குனிந்த தலை எவ்வளவு விரைவாக நிமிர்கிறது என்பதை ரிலீஸ் என்ற குமிழ் தீர்மானிக்கிறது. பெட்டியில் வேலை செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். 50 ஹெர்ட்ஸ் பேஸின் ஓர் அலை முடிய 20 மில்லிநொடி ஆகும். ரிலீஸை 5 மில்லிநொடியில் வைத்தால் லிமிட்டர் ஒவ்வொரு அலைக்குள்ளேயும் அமுக்கி விடுவித்து, அமுக்கி விடுவித்து, அலையின் வடிவத்தையே மாற்றிவிடும். மீட்டரில் ஒன்றும் தெரியாது. பேஸ் மட்டும் கிழிந்த ஸ்பீக்கரில் வருவதுபோல் கேட்கும். லிமிட்டரை மெல்ல நிமிரவிட்டால் கிழிசல் போய்விடும். ஆனால் ஒவ்வொரு கிக்குக்கும் மற்ற இசை அமுங்கி எழும்பும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பாட்டின் வேகத்துக்குப் பொருந்தும் ஓர் இடம் இருக்கும். காதால் தேடித்தான் அதைப் பிடிக்கவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஆல்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு உரத்துக்கொண்டே போயின. காரணம் எளிய உளவியல். ஒரே பாட்டை இரண்டு அளவுகளில் போட்டுக் காட்டினால், ஒரு டெசிபலே கூடியிருந்தாலும், வித்தியாசம் இன்னதென்று தெரியாமலேயே உரத்ததை ‘தெளிவு’ என்றும் ‘நிறைவு’ என்றும் கேட்பவர் தேர்ந்தெடுப்பார். வானொலியில் முந்தைய பாட்டைவிடத் தங்கள் பாட்டு மெலிந்து ஒலிக்கக்கூடாது என்ற அச்சம் எல்லா நிறுவனங்களுக்கும் இருந்தது. உச்சக்கட்டம் 2008 செப்டம்பரில் வந்தது. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ வெளியான அதே வேளையில் ‘கிட்டார் ஹீரோ 3’ என்ற வீடியோ விளையாட்டுக்கும் அந்தப் பாட்டுகள் வந்தன. விளையாட்டுக்குக் கொடுக்கப்பட்டவை அமுக்கப்படாத தனித்தனித் தடங்கள். ரசிகர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டார்கள். விளையாட்டில் டிரம் டிரம்மாக இருந்தது, குறுந்தகட்டில் கரகரத்தது. மறுபடி மாஸ்டரிங் செய்யச் சொல்லிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் பொறியாளர் டெட் ஜென்சன், தம் கைக்கு வரும்போதே அந்த மிக்ஸ்கள் நசுக்கப்பட்டுத்தான் வந்தன என்று எழுதியது வெளியே வந்தது.

போட்டி தளர்ந்தது இசை உலகத்தின் முயற்சியால் அன்று. தொலைக்காட்சி விளம்பரங்களின் கூச்சலை அடக்கக் கிளம்பியவர்களால்தான். நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடும் அவதி உலகப் பொதுவானது. உச்ச மீட்டரைக் கொண்டு இதைத் தடுக்க வழியில்லை; விளம்பரமும் நாடகமும் ஒரே உச்சியைத்தான் தொடும். காது உணர்வதை அளக்கும் ஒரு கருவி தேவைப்பட்டது.

கனடாவின் ஒட்டாவா நகரில் தகவல்தொடர்பு ஆய்வு மையத்தில் கில்பெர்ட் சூலோட்ரே என்ற ஆய்வாளர் மனிதர்களை உட்காரவைத்தார். பேச்சு, இசை, நாடகம் எனப் பலவகை ஒலித்துண்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பொது ஒலிக்குச் சமமாகக் கேட்கும்வரை குமிழைத் திருப்பச் சொன்னார். அந்த விடைகளோடு பல்வேறு உரப்பு மீட்டர்களின் கணிப்புகளை ஒப்பிட்டார். உள்காதின் நரம்புகள் வரை போலச்செய்ய முயன்ற சிக்கலான மாதிரிகள் இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டி நின்றது, தாழ்ந்த அதிர்வெண்களைச் சற்றுக் குறைத்துவிட்டு ஆற்றலைச் சராசரி எடுக்கும் மிக எளிய ஒரு சூத்திரம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட பி.எஸ்.1770 என்ற தரம் அதன்மேல் எழுந்தது. தலையின் வடிவத்தால் காதுக்குக் கூடிவரும் உயர் அதிர்வெண்களை இந்தத் தரம் ஏறத்தாழ 4 டெசிபல் தூக்குகிறது. அடி பேஸைக் குறைக்கிறது. 400 மில்லிநொடித் துண்டுகளாக ஆற்றலைக் கூட்டுகிறது. பின்னால் வந்த திருத்தத்தில் மௌனமான துண்டுகள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. இல்லையென்றால் இடையிடையே அமைதி வைத்து விளம்பரக்காரர்கள் சராசரியை இறக்கிவிடுவார்கள். இப்படிக் கிடைக்கும் அளவின் பெயர் எல்.யு.எஃப்.எஸ்.

ஆஸ்திரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் ஃபுளோரியன் கேமரர் தலைமையிலான குழு 2010-இல் ஐரோப்பாவுக்கு மைனஸ் 23 என்ற இலக்கை வகுத்தது. அமெரிக்காவில் விளம்பரக் கூச்சலுக்கு எதிரான சட்டம் அதே ஆண்டு நிறைவேறி 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்து அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டவை இசைத் தளங்கள். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14-ஐச் சுற்றி நிற்கின்றன. ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. உரத்த பாட்டை அவை தாங்களாகவே இறக்கிவிடும்.

தொடக்கத்தில் கண்ட ஒப்பீட்டுக்கு இப்போது எண்கள் கொடுக்கலாம். பெட்டியிலிருந்து வந்த மிக்ஸ் மைனஸ் 18. கடைப் பாட்டு மைனஸ் 8 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 10 டெசிபல். அதுதான் அந்த ‘இரண்டு மடங்கு’. அதைப் பார்த்து மனம் நொந்து, லிமிட்டரை இறுக்கி மைனஸ் 8-க்குக் கொண்டுபோய்த் தளத்தில் ஏற்றினால் என்ன நடக்கும்? தளம் அதை 6 டெசிபல் இறக்கும். மைனஸ் 1-இல் இருந்த உச்சி மைனஸ் 7-க்குப் போய்விடும். இன்னொருவர் அதே பாட்டை மைனஸ் 14-இல், உச்சியை மைனஸ் 1-இல் விட்டுவைத்து அனுப்புகிறார். தளம் அதைத் தொடாது. சராசரி உரப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இரண்டாவது பாட்டின் ஸ்னேர் மற்ற இசைக்கு மேலே 6 டெசிபல் அதிகம் எழும்பி அறைகிறது. முதலாமவர் அத்தனை அடியையும் நசுக்கிக் கொடுத்துப் பதிலுக்கு எதையும் பெறவில்லை.

அதற்காக மைனஸ் 14-ஐ இலக்காக வைத்துக்கொள்வதும் தவறு. அது தளம் ஓடவிடும் அளவு. பாட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கான கட்டளை இல்லை. ஓரளவு இறுகிய ஒலியே சில பாட்டுகளுக்கு உயிர். சொரசொரப்பான ஹிப்-ஹாப் பீட்டில் டிரம்மும் சாம்பிளும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸருக்குள் சேர்ந்து மூச்சு விடுவது அந்த இசையின் இலக்கணம். மைனஸ் 9-இல் அது அழகாக இருந்தால் அங்கேயே விடலாம். லிமிட்டரின் மீட்டர் உச்சிகளில் மட்டும் 2, 3 டெசிபல் தொட்டு விலகினால் பெரும்பாலும் கேடில்லை. எந்நேரமும் 6 டெசிபல் அமுங்கியே நின்றால் மிக்ஸுக்குத் திரும்பிப் போய் எந்த ஒலி அந்த இடத்தைத் தின்கிறது என்று பார்க்கவேண்டும். பத்தில் எட்டு முறை அது கிக் அல்லது பேஸ்.

எல்.யு.எஃப்.எஸ். மீட்டர் இல்லாத கருவிகள் ஏராளம். அப்போது கருவியையே அளவுகோலாக மாற்றலாம். மிகவும் பிடித்த, நன்றாக மாஸ்டரிங் செய்யப்பட்ட ஒரு பாட்டின் வேவ் கோப்பைத் தனித் தடத்தில் ஒரு பேட்டில் ஏற்றி, அது மாஸ்டரின் லிமிட்டர் வழியே போகாதபடி நேராக வெளியே அனுப்பவேண்டும். பிறகு அந்தப் பேட்டின் அளவைக் குறைத்துக் குறைத்து, தன் மிக்ஸோடு காதுக்குச் சமமாகும் இடத்தில் நிறுத்தவேண்டும். உரப்பு சமமான அந்தக் கணத்தில் ‘உரத்தது நல்லது’ என்ற மயக்கம் கலைகிறது. பேஸ் அதிகமா, குரல் பின்வாங்கியிருக்கிறதா, ஹை-ஹேட் குத்துகிறதா என்பதெல்லாம் தெரியத் தொடங்கும். கம்ப்ரெஸரையோ லிமிட்டரையோ போட்டும் எடுத்தும் பார்க்கும்போதும் இதே சமன் தேவை.

கேட்கும் சத்தமும் ஒரே அளவில் இருக்கவேண்டும். ஃபிளெட்சர், மன்சன் வளைகோடுகள் சத்தம் கூடக்கூடத் தட்டையாகும். உரக்கக் கேட்கும்போது பேஸ் தானாகப் பெருகும். நள்ளிரவில் ஹெட்ஃபோனை முழுதாகத் திறந்துவைத்துச் செய்த மிக்ஸ், காலையில் மெல்லக் கேட்டால் பேஸ் இல்லாமல் மெலிந்து கிடப்பதற்கு இதுவே காரணம். காதின் நலமும் இதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த எல்லை வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிறது. உரத்த ஒலியில் சில மணி நேரம் உழைத்த காது தற்காலிகமாக மந்தமாகி, உயர் அதிர்வெண்களை ஏற்றச் சொல்லிக் கேட்கும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகள் மறுநாள் உதவாது. பழைய முறையில் மாஸ்டரிங் செய்தவர் வேறொரு மனிதர். வேறோர் அறையில், களைக்காத காதோடு கேட்டார். ஒரே பெட்டியில் ஒரே ஆள் எல்லாம் செய்யும்போது அந்த இரண்டாவது காதை நாட்களின் இடைவெளிதான் தரவேண்டும்.

கோப்பாக்கும் கட்டத்தில் இரண்டு நுட்பங்கள். உச்சியைச் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிறுத்துவது ஆபத்து. எண்களுக்கு நடுவே அலை இன்னும் மேலே எழக்கூடும். 11,025 ஹெர்ட்ஸ் சைன் அலையை 44,100 மாதிரிகளில் பதியும்போது, ஒவ்வொரு புள்ளியும் முகட்டுக்கு 45 பாகை தள்ளி விழும்படி நேரலாம். புள்ளிகள் எல்லாம் பூஜ்ஜியம் டெசிபல் காட்டும்; ஸ்பீக்கருக்குப் போகும் நிஜ அலை 3 டெசிபல் மேலே போய்விடும். ஸ்ட்ரீமிங்குக்காகக் கோப்பைச் சுருக்கும்போது உச்சிகள் மேலும் நகரும். லிமிட்டரின் கூரையை மைனஸ் 1-இல் வைக்கச் சொல்வது இதற்காக. மைனஸ் 14-ஐவிட உரத்த பாட்டானால் மைனஸ் 2 என்கிறது ஸ்பாட்டிஃபை. இரண்டாவது, 24 பிட்டில் ஏற்றுமதி செய்வதே நல்லது. 16 பிட் தேவைப்பட்டால் டிதர் என்ற மிக மெல்லிய இரைச்சலைச் சேர்க்கவேண்டும். சுரம் தேய்ந்து மறையும் வாலில், வெட்டப்பட்ட பிட்கள் எழுப்பும் கரகரப்பை அது சீரான மெல்லிய சீறலாக மாற்றிவிடுகிறது.

ஒரு பாட்டு பல பாட்டுகளாகி ஆல்பமாகும்போது கணக்கு மாறும். பீட் ஆல்பங்களில் இருபது நொடி இடைத்துண்டு, குரல் மட்டும் வரும் ஒரு நிமிடம், மென்மையான பியானோ எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் மைனஸ் 14-க்குத் தூக்கினால் பியானோ டிரம் பாட்டுக்குச் சமமாக வந்து நிற்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஈல்கோ கிரிம், டைடல் தளத்தின் ஆல்பங்களை ஆராய்ந்து கேட்போர் சோதனையும் நடத்தினார். வெவ்வேறு ஆல்பங்களிலிருந்து பாட்டுகளைக் கலந்து கேட்கும்போதுகூட, ஆல்பத்துக்குள் இருந்த ஏற்ற இறக்கம் அப்படியே காக்கப்படுவதையே பெரும்பாலோர் விரும்பினார்கள். டைடல் அந்த முறைக்கு மாறியது. ஸ்பாட்டிஃபையும் ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு ஏற்றமோ இறக்கமோ தான் கொடுக்கிறது. ஆகவே பெட்டியில் முதலில் முடிக்கவேண்டியது ஆல்பத்தின் மிக உரத்த பாட்டு. அதன் லிமிட்டரும் கூரையும் நிலைத்தபின், மற்ற பாட்டுகளை அதற்குப் பின்னே ஓடவிட்டு, ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் குரல் குரலோடும் ஸ்னேர் ஸ்னேரோடும் பொருந்துகிறதா என்று கேட்டு, ஃபேடரால் மட்டும் அளவை அமைக்கலாம். இருபது நொடி பியானோத் துண்டு மைனஸ் 20-இல் நின்றாலும், ஆல்பமாகக் கேட்பவருக்கு அது அமைத்தவர் வைத்த அளவிலேயே போய்ச்சேரும்.